பெரியவர் பெயர் போட்ட சட்டை

தெருவில் அவளுக்கு வண்டியக்கா என்று பெயர். சிறுநீரகம் கெட்டுப்போனவர்களை வீட்டு வாசலில் ஏற்றி டயாலிசிஸுக்குக் கொண்டுபோய், முடிந்ததும் துவண்டு கிடப்பவர்களைத் திரும்ப வீடு சேர்க்கும் இலவச வேன் அவள் பொறுப்பில் ஓடுகிறது. அவள் கணவருக்கு வைத்தியம் இருந்தது, படுக்கை இருந்தது. போய் வர வண்டிதான் நேரத்துக்குக் கிடைக்கவில்லை. அப்படி ஆரம்பித்தது இது. வண்டியை ஓட்டுவது டிரைவர். அவள் வேலை, கேட்பது. வீடு வீடாக, கடை கடையாக, சிரித்த முகத்தோடு கேட்பது. இப்போதெல்லாம் சிரிப்பு முகத்தில் தானாகவே ஒட்டிக்கொண்டு, தூங்கும்போதுகூட இறங்க மாட்டேன் என்கிறது.

டிரைவர் அரைச் சம்பளத்தில் ரொம்ப நாள் ஓட்டிவிட்டான். போன வாரம் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"ஸ்கூல் பஸ்ஸுக்குக் கூப்பிடுறாங்கக்கா. இந்த மாசம் முடியற வரைக்கும் பாக்கறேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

குற்றம் சொல்ல அவளுக்கு வாய் ஏது? மாடியில் குடியிருக்கும் தையல்காரரை முதுகில் சுமந்து படியிறக்குகிறவன் அவன். வேறு டிரைவர் கிடைக்கலாம். வேறு முதுகு கிடைக்காது.

ஊரில் கேட்கத் தோதான இடம் ஒன்றே ஒன்று: ஒரு குடும்ப அறக்கட்டளை. பெரியவர் ஒருவர் ஆரம்பித்தது. சக்கர நாற்காலி, தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம், சுவர்க் கடிகாரம் என்று நிறையக் கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் பெரியவர் பெயர் இருக்கும். கடிகாரத்தில் பெயர் இருக்கிற அளவுக்கு மணி தெரியாது. பொருள் கேட்டால் உண்டு; சம்பளம் கேட்டால் இல்லை.

பெரியவர் போன பிறகு மகளும் மகனும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் காசு வரும். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மகளுக்கு முன்னறை, மகனுக்குப் பின்னறை, நடுக்கூடத்தில் கணக்காளர். உதவி கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு சூத்திரம் தெரியும். முதலில் அக்காவிடம் போக வேண்டும். பிறகு தம்பியிடம் போய், "மேடம் யோசிக்கிறாங்க சார்" என்று இழுக்க வேண்டும். அக்கா யோசிக்கிறாள் என்றால் தம்பி உடனே வள்ளலாகிவிடுவார். அக்கா சரி என்று சொல்லிவிட்டதாக மட்டும் அங்கே மூச்சு விடக் கூடாது.

அன்று காலையிலிருந்து கூடத்து பெஞ்சில் காத்திருந்து, ஒருவழியாக முன்னறைக்குள் போனாள்.

"சம்பளமா? அது எங்க பழக்கத்துலயே இல்லையேம்மா."

"தெரியும் மேடம்."

"மனுவுல தையல்காரர்னு எழுதியிருக்கீங்களே, மாடியில இருக்கறவரு. அவரை யாரு எறக்கறது?"

"டிரைவர்தான் மேடம். முதுகுல தூக்கிட்டு வருவான்."

அந்த அம்மாள் மனுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டார்.

பின்னறைக்குப் போனபோது வண்டியக்காவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. காலையில் சாப்பிடவில்லை. மகன் பேனாவைத் திறந்தபடி, "அக்கா என்ன சொன்னா?" என்றார்.

"கையெழுத்துப் போட்டுட்டாங்க சார்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. வாசலில் நின்ற கணக்காளர் நெற்றியில் அடித்துக்கொண்டார். மகன் பேனாவை மூடினார்.

"அப்ப நான் எதுக்கு? ரப்பர் ஸ்டாம்பா?"

"அய்யோ, அப்படி இல்ல சார்…"

"புது வேன் தரேன், எடுத்துக்குங்க. சம்பளமெல்லாம் வேணாம்."

"இருக்கற வேனுக்கே ஆள் போகப்போறான் சார். ரெண்டு வேனை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண, கோழி வளக்கவா?"

"ஆளுக்குக் குடுத்தா எங்கப்பா பேரை எங்கேம்மா எழுதறது?"

"சட்டையில எழுதிக்குங்க சார்."

களைப்பு பேசிய பேச்சு அது. முடிந்தது கதை என்று பையை எடுத்து எழுந்தாள். மகன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னாடி மட்டும் போதுமா, முதுகுலயுமா?"

அதற்கப்புறம் அவள் கூடத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்தாள். எழுத்து நீலம் என்றார் அக்கா. சிவப்பு என்றார் தம்பி. மார்புக்கு நீலம், முதுகுக்குச் சிவப்பு என்று கணக்காளர் காதோடு சொல்லிக்கொடுத்த சமரசத்தை இரண்டு அறையிலும் தன் யோசனை போலச் சொன்னாள். இரண்டாவது கையெழுத்தும் விழுந்தது.

சாயங்காலம் வேன் பக்கத்தில் நின்று டிரைவரிடம் சொன்னாள். அவன் துடைத்துக்கொண்டிருந்த துணியைப் பிழிந்தான்.

"என்னைப் பாத்தா செவுரு மாதிரி இருக்காக்கா?"

"இல்ல தம்பி."

"எங்கப்பா பேரையே நான் எங்கயும் எழுதினதில்ல. இவங்க அப்பா பேரை நெஞ்சுல ஒண்ணு, முதுகுல ஒண்ணு."

"வேணாம்னா போயிடு தம்பி. மனசாரச் சொல்றேன். உங்கிட்ட கெஞ்சறதுக்குக்கூட எனக்குத் தெம்பு இல்ல."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லாததை அவன் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தான்.

"முழுச் சம்பளமா?"

"முழுசா. ஒரு வருஷத்துக்கு."

"துவைக்கிற செலவு?"

"அது என்னுது."

"உங்களை நம்பித்தான் சட்டை மாட்டறேன். அந்தப் பெரியவரை நம்பி இல்ல," என்றான்.

அடுத்த மாதம் போட்டோ எடுக்கக் கணக்காளர் கேமராவோடு வந்தார். டிரைவர் தையல்காரரை முதுகில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினான். முதுகுப் பெயரைத் தையல்காரரின் உடம்பு மூடியிருந்தது. கழுத்தைக் கட்டியிருந்த அவர் கைகள் நெஞ்சுப் பெயரையும் மறைத்தன. தையல்காரர் டிரைவரின் காலர் ஓரத்தை விரலால் நிமிண்டிப் பார்த்து, "தையல் மட்டம்டா. துணி பரவாயில்ல," என்று தீர்ப்புச் சொன்னார்.

"பேர் மறையுது. அவரைக் கொஞ்சம் எறக்கிட்டு நில்லுங்க தம்பி," என்றார் கணக்காளர்.

"எறக்கினா இவரு வண்டிக்கு எப்படி சார் வருவாரு?"

கணக்காளர் கேமராவைத் தாழ்த்திக்கொண்டு வண்டியக்காவைப் பார்த்தார். அடுத்த வருடம் சம்பளத்துக்கு எந்த அறைக்குள் என்ன சொல்ல வேண்டியிருக்குமோ என்று அவளுக்கு ஓடியது. வேன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். தையல்காரர் ஏறி உட்கார்ந்ததும் முன்சீட்டில் தானும் ஏறிச் சாய்ந்து கண்ணை மூடினாள்.

"போலாம் தம்பி," என்றாள். "நேரமாச்சு."