இரண்டு கூடை நல்ல மண்

வீட்டுக்காரம்மாவுக்குச் ‘செருப்பு போலீஸ்’ என்று பெயர் வைத்தது காட்டைப் பார்க்க வந்த விருந்தாளிகள்தான். மந்திரியே வந்தாலும் சரி, வாசலில் செருப்பைப் பிரஷ்ஷால் தேய்த்து, மருந்துத் தண்ணீரில் முக்கி எடுக்காமல் உள்ளே அடியெடுத்து வைக்க முடியாது. வெளிமண்ணில் வரும் வேரழுகல் பொல்லாத நோய். அடிப்பாகத்தில் ஒட்டிய துளி மண் போதும் அதற்கு.

மாமனார் வீட்டார் மூன்று தலைமுறையாக ஒரு மரத்தைக்கூட விற்காமல் கட்டிக்காத்த மழைக்காடு அது. கணவர் விருந்தாளிகளை உள்ளே கூட்டிப்போய்க் கதை சொல்வார். இவள் வாசல் காவல். எல்லாரும் பார்க்க வருவது நடுக்காட்டு மரத்தைத்தான். ஆயிரம் வயதாம். தனக்கு இரண்டு மாமனார் என்றும், பேசாத மாமனார் அதுதான் என்றும் இவள் சொல்லிச் சிரிப்பாள்.

இந்த வருடம் அதன் உச்சி மஞ்சளடித்து இலை கொட்டியது. மண் பரிசோதிப்பவரை வரவழைத்தார்கள். அவரையும் தேய்க்க வைத்துத்தான் உள்ளே விட்டாள். பத்து நாள் கழித்து அவர் முடிவோடு வந்தார்.

“வேரழுகல்தாங்க. ஆனா ஆளுங்க நிக்கிற பக்கம் சுத்தமா இருக்கு. பின்பக்கம்தான் மோசம். அங்க யாராவது வெளிமண்ணு கொட்டினீங்களா?”

கணவர் தரையைப் பார்த்தார்.

“போன மழையில வேரெல்லாம் வெளிய தெரிஞ்சுது” என்றாள் இவள். “பாக்கவே பாவமா இருந்துச்சு. செடி விக்கிற கடையில நல்ல மண்ணா வாங்கி, ரெண்டு கூடை போட்டு மூடினேன்.”

செருப்புக்குப் பயந்தவளுக்குக் கூடையைப் பற்றி நினைப்பே வரவில்லை.

“மருந்து இருக்குல்ல?”

“இவ்வளவு பரவினப்புறம் ஒண்ணும் பண்றதுக்கில்லம்மா. மத்த மரங்களைக் காப்பாத்தப் பாக்கலாம். சுத்தி அம்பதடிக்குக் கயிறு கட்டுங்க. யாரும் உள்ள போகக்கூடாது.”

“நானுமா?”

“நீங்களும்தான்.”

“நல்லதுக்குத்தானே பண்ணின” என்றார் கணவர், மண் பரிசோதிப்பவர் போன பிறகு. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இது தாங்கவில்லை.

மறுநாள் காலை வந்த கூட்டத்தில் ஒரு பெண் அலுத்துக்கொண்டாள். “துளி மண்ணுதானே, இதுக்கு இவ்வளவு தேய்க்கணுமா?”

இவள் அந்தச் செருப்பைக் கையில் வாங்கித் தானே தேய்த்தாள். மண் போன பிறகும் தேய்த்தாள்.

“போதும், குடுங்கம்மா” என்று அந்தப் பெண்ணே இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.