நல்ல கறுப்பு

லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் ஸ்டூடியோ. கலியாண வீடு, பிள்ளை பெரியவளானால் செய்யும் சாமத்திய வீடு என்று சனம் கொண்டுவரும் படங்களைத் திருத்தி ஆல்பம் ஆக்குவது தொழில். படம் கீறுவது ஆசைக்கு. அந்த ஆசையை நம்பி ஒருவர் நகரத்தின் மறுமுனையில் இருக்கும் சட்டனிலிருந்து ரயில் மாறி மாறி வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

வந்தவர் பார்மசியில் வேலை செய்யும் ஒரு பெண். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ரயிலில் இருந்து போனில் ஒரு மாயாஜால நாவல் எழுதிக்கொண்டிருந்தார். கடலுக்கு அடியில் ஒரு நாடு, அதன் படையை நடத்தும் ஒரு பெண். இருபது அத்தியாயம் தாண்டிவிட்டது. ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில் அவளுடைய இடது கன்னத்தில் இருந்த வடு, ஒன்பதாம் அத்தியாயத்தில் வலது கன்னத்துக்குப் போயிருந்தது. அதனால் நாயகியை முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று ஒரே தாளில் கீறி, உடை, ஆயுதம், நிறங்களையும் பக்கத்தில் காட்டித் தரவேண்டும். அதைப் பார்த்துப் பார்த்து மிச்சத்தை எழுதுவாராம்.

"வடு நடந்து திரியுது போல," என்றேன்.

சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்: "அண்ணை, வடு எங்க இருந்தாலும் பரவாயில்லை. ஆள் கறுப்பு. மாநிறம் இல்லை, நல்ல கறுப்பு. நான் எழுதத் தொடங்கினதே அதுக்காகத்தான்."

"ஓம், ஓம்," என்று கொப்பியில் எழுதியும் வைத்தேன்.

இரண்டு கிழமை கீறினேன். சிப்பியால் செய்த கவசத்துக்கு மட்டும் மூன்று நாள் போனது. அவர் வந்து திரையைப் பார்த்து, "வடிவாயிருக்கு," என்றார். குரலில் உயிர் இல்லை.

"கவசம் பிடிக்கேல்லையோ?"

"கவசம் நல்லாத்தான் இருக்கு."

"தலைமுடி?"

"அதுவும் நல்லாயிருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. பிழையைச் சொல்லாமல் முகத்தைத் தொங்கப்போடுகிறவர்களோடு எப்படி வேலை செய்வது? அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, கையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தார். அப்போதுதான் கண்டேன். என் நாயகி கோதுமை நிறத்தில் நின்றாள்.

வேண்டுமென்று செய்யவில்லை. "பிள்ளையைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி விடுங்கோ" என்று தாய்மார் கேட்டுக் கேட்டு, இப்போது யாரும் கேட்காமலே செய்கிறேன். திரையில் முகம் ஒன்று வந்தால் போதும், கை தன்பாட்டில் அதை வெளுப்பாக்கத் தொடங்கிவிடும். கொப்பியில் கறுப்பு என்று எழுதியதும் இதே கைதான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மன்னிப்புக் கேட்டுவிட்டு உடனேயே நிறத்தை மாற்ற உட்கார்ந்தேன்.

"இன்னும்," என்றார். வெளிச்சத்தை இறக்கினேன்.

"இன்னும் கொஞ்சம்."

நிறம் இறங்க இறங்க, மூன்று நாள் மினக்கெட்டும் மின்னாத கவசம் மின்னத் தொடங்கியது. வடு எடுப்பாகத் தெரிந்தது. கண்ணுக்கு ஒரு முறைப்பு வந்தது. நான் கீறியதில் இவ்வளவு நல்ல படம் வேறில்லை, சொல்வதில் எனக்குக் கூச்சமும் இல்லை.

அவர் கையை இன்னும் எடுக்கவில்லை. கையும் திரையில் இருந்த முகமும் ஒரே நிறமாக இருந்தன.

"என்ர சாமத்திய வீட்டு ஆல்பம் அம்மாவிட்ட இருக்கு," என்றார். "நான் திறக்கிறேல்லை. அதில இருக்கிறது ஆரெண்டு எனக்குத் தெரியாது. இவளைத் தெரியும்."

சந்தோஷமாகப் போனார். நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். தேத்தண்ணி ஒன்று போட்டுக்கொண்டு வந்து, பாதி முடிந்திருந்த வேறொரு பிள்ளையின் ஆல்பத்தைத் திறந்தேன். வெளுத்து வைத்திருந்த முகங்களை முதல் படத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பழைய நிறத்துக்குக் கொண்டுவந்தேன். தாய்க்கு என்ன சொல்வது என்று பிறகு யோசிக்கலாம்.