வடக்கே மட்டும் நேராக நடந்த கால்

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்த டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. வாப்பாவைப் பார்த்துத்தான் கேட்டார்.

"சின்ன வயசில இந்தப் பிள்ளை எங்க விழுந்தது?"

"விழல்ல டொக்டர். இது பொறவிக் குற. அல்லாஹ் தந்தது," என்றார் வாப்பா.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி அடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. கல்முனையிலிருந்து கொழும்புக்கு வந்து, ஆஸ்பத்திரி நடைபாதை வாங்குப் பலகையில் அரை நாள் காத்திருந்து பெற்ற ஐந்து நிமிடம் அது. டாக்டர் பேனா முனையால் படத்தைத் தொட்டார். இடது தொடை எலும்பில், முழங்காலுக்குச் சற்று மேலே, ஒரு கோணல். எலும்பு வளரும் இடத்திலேயே முறிந்து, யாரோ சரியாக வைக்காமல் கட்டியிருக்கிறார்கள், அதனால்தான் அந்தக் கால் மற்றதோடு சேர்ந்து வளரவில்லை என்றார். இரண்டு அங்குலக் குறை.

வெளியே வந்ததும் கேட்டேன்.

"டொக்டர் சொல்றது மெய்யா வாப்பா?"

"அவருக்கு என்ன தெரியும்? நீ அந்தக் கதைய எடுக்காத. காலச் சரிப்படுத்துற வழியப் பாப்பம்."

இதை வாசிக்கும் நீங்களோ உங்கள் பிள்ளையோ கால் நீட்டும் சிகிச்சைக்குப் போக இருந்தால், அது என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு யாரும் சொல்லவில்லை. தொடை எலும்பை அறுத்து, அறுத்த இடத்துக்கு மேலும் கீழும் திருகாணிகள் இறக்கி, அவற்றைத் தோலுக்கு வெளியே ஓர் இரும்புச் சட்டத்தில் பூட்டினார்கள். சட்டத்தின் முனையில் ஒரு குமிழ். அதைத் தினமும் கொஞ்சம் திருக, எலும்பின் இடைவெளி ஓர் அரிசியின் தடிப்பளவு அகலும். கால் வளர்கிறது என்பார்கள். அது மரியாதைக்குச் சொல்வது. கால் இழுபடுகிறது. எலும்பு விட்டுக்கொடுக்கும், தசை விட்டுக்கொடுக்காது. அந்த வலியை நான் இங்கே குறைத்துச் சொல்ல மாட்டேன்.

குமிழைத் திருகியது வாப்பா. வார்டில் இருந்த மிஸ்ஸி (தாதி) பழக்கிக் கொடுத்திருந்தார். சுபஹ் தொழுதுவிட்டு வந்து, பிஸ்மி சொல்லித் திருகுவார். நான் தலையணையைக் கடிப்பேன். பக்கத்துக் கட்டில் நோயாளி, "வாப்பா எண்டா இப்படித்தான் இருக்க வேணும்," என்று ஒவ்வொரு நாளும் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கை என் காலில் இருக்கும்போதே உண்மையைச் சொல்லிவிடாதா என்று ஒவ்வொரு காலையும் காத்திருந்தேன். கால் நேராவதைவிட அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஏனென்று கேட்பீர்கள். பள்ளிக்கூடத்தில் என்னை "ஒன்றரைக் கால்" என்று கூப்பிட்ட நாட்களிலெல்லாம் உம்மா சொன்னது ஒன்றே ஒன்று: "அல்லாஹ்ட நாட்டம் மகன். சபூர் செய்." பொறுத்துக்கொண்டேன். சில நாள் அல்லாஹ்வோடு கோபித்துக்கொண்டேன். பிறகு கோபித்த பாவத்துக்காக அழுது மன்னிப்புக் கேட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களை நமக்குத் தெரியும். என் வீட்டார் தங்கள் பிழையை அல்லாஹ்வின் நாட்டத்துக்குள் மறைத்து வைத்திருந்தார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இரண்டு அங்குலம் கிடைத்ததும் சட்டத்தைக் கழற்றி, உள்ளே தகடு (புதிய எலும்பு இறுகும்வரை தாங்கும் உலோகப் பட்டை) வைத்தார்கள். கக்கத்தில் ஊன்றுகோல்களோடு ஊருக்கு வந்தேன். அடுத்த தடவை கொழும்பு போனபோது டாக்டர் அளவுநாடாவால் அளந்து, "ரெண்டும் சமம்," என்று சிரித்தார்.

ஊன்றுகோலை விட்ட நாளிலும் நான் நொண்டினேன். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கால் சமமானால் நடை தானாக வராது. இடுப்புத் தசை சூம்பிப்போயிருந்தது. முழங்கால் பாதிக்கு மேல் மடங்கவில்லை, கதிரையில் இருந்துதான் தொழுதேன். ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்குவது, அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் தோள் சாயாமல் அடி வைப்பது என்று மாதக்கணக்கில் பழகினேன். கண்ணாடியை விட்டு நகர்ந்ததும் உடம்பு பழைய நடைக்கே போனது. அதற்கு இருபத்திரண்டு வருடத்துப் பாடம் அது ஒன்றுதான்.

ஒருநாள் பின்னேரம், அஸர் தொழுத பிறகு வாப்பா சைக்கிளை எடுத்தார்.

"வா மகன், கடக்கரைக்குப் போவம். மண்ணில நீ நல்லா நடப்பாய்."

அது உண்மைதான். சிறுவயதில் வாரத்துக்கு இரண்டு நாளாவது வாப்பா என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவார். ஈர மண்ணில் வடக்கே நடப்போம். மீனவர்களின் வாடிக் குடிசைகள் வந்ததும் என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றி, ரோட்டால் வீட்டுக்குக் கொண்டுவருவார். உலகத்தில் அந்தக் கரையில் மட்டும்தான் நான் நொண்டியதில்லை. வாப்பா பின்னால் நின்று பார்த்து, "மாஷா அல்லாஹ்" என்பார்.

அன்றும் வடக்கே நடந்தேன். பத்து அடி வைப்பதற்குள் வலப்பக்கம் சாய்ந்தேன். ஒரே ஓர் இடத்தில் நேராக நடந்தவன் அங்கேயும் நொண்டினேன். நின்று காலடியைப் பார்த்தபோதுதான் விளங்கியது. கரை கடலைப் பார்த்துச் சரிந்திருக்கிறது. வடக்கே போகும்போது இடது கால் மேட்டில், வலது கால் பள்ளத்தில். குட்டைக் காலுக்கு மேடு கிடைத்ததால் நேராக நடந்திருக்கிறேன். அதே வழியால் திரும்பி நடந்திருந்தால் இரண்டு மடங்கு நொண்டியிருப்பேன். அதற்குத்தான் சைக்கிள். நான் அதைப் பாசம் என்று நினைத்து வளர்ந்திருந்தேன்.

"இஞ்ச நல்லா நடப்பாயே மகன்," என்றார் வாப்பா. குரல் இறங்கியிருந்தது.

"நான் நடக்கிறத்துக்கா இஞ்ச கூட்டி வந்தீங்க? நான் நொண்டுறத நீங்க பாக்காம இருக்கிறத்துக்கு."

வாப்பா சைக்கிளைப் பிடித்தபடி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, நான் கேட்காமலேயே சொன்னார்.

"சாகாமத்து வயல் வாடியில இருந்தம். ஒனக்குப் பத்து மாசம். வண்டியில மூட்டைக்கு மேல ஒன்ன வெச்சிட்டுக் கயிறு இறுக்கினன். மாடு அசஞ்சிட்டு."

"ஆஸ்பத்திரிக்கு ஏன் கொண்டு போகல்ல?"

"களத்தில நெல்லுச் சூடு மிதிச்சி முடியல்ல. மழ வரப் பாத்திச்சி. ரெண்டு நாள் போயிரும் எண்டு முறிவு கட்டுற பரிசாரியக் கூட்டி வந்தன்." சைக்கிள் பாரைத் தடவினார். "நெல்லு நனையல்ல மகன்."

நான் காத்திருந்த சொல் வந்துவிட்டது. ஆறுதல் வரவில்லை. நனையாத அந்த நெல்லைத்தான் நானும் சாப்பிட்டு வளர்ந்திருக்கிறேன்.

வாப்பா சைக்கிளைத் திருப்பினார். "ஏறு மகன்."

"இல்ல. நான் ரோட்டால நடந்து வாறன்."

இன்று என் நடையில் குறை கண்டுபிடிக்கப் பழகிய கண் வேண்டும். முழங்காலை மடக்கி, நெற்றி தரையில் பட ஸஜ்தா செய்கிறேன். வலது காலுக்கு என் வயது. இடது கால் என்னைவிட இருபத்திரண்டு வயது இளையதாகத் தோன்றுகிறது, அதனிடம் நான் பொறுமையாக இருக்கிறேன். மன்னித்துவிட்டாயா என்று உம்மா கேட்டார். நடை வந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

அன்று கடற்கரையிலிருந்து வீடுவரை, மேடும் பள்ளமும் இல்லாத தார் ரோட்டில், கடைக்காரர்கள் பார்க்கப் பார்க்க நொண்டிக்கொண்டே நடந்தேன். நான் திரும்பிப் பார்க்கவில்லை. சைக்கிள் சக்கரத்தின் சத்தம் என் பின்னாலேயே வந்தது. வாப்பா அதில் ஏறவில்லை. நான் நொண்டுவதை அவர் முழுத் தூரமும் பார்த்தது அன்றுதான்.