வேலிக்கு மேலால் எறிந்த ஆகாயத்தாமரை

நெடுங்காலம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். ஆகாயத்தாமரை எப்படிப் பெருகும், தண்ணீரை எப்படி மூடும், கீழே கிடக்கும் மீனுக்கு எப்படி மூச்சு முட்டும் என்றெல்லாம் கரும்பலகையில் படம் கீறிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பரீட்சையில் கேள்வியும் போட்டு, பிழையாக எழுதிய பிள்ளைகளை ஏசியும் இருக்கிறேன். அப்படிப்பட்ட நான்தான் அந்தச் செடியைப் பையில் போட்டு, மடியில் வைத்து, பஸ்ஸில் எங்கள் ஊரான உருத்திரபுரத்துக்குக் கொண்டுவந்தேன்.

பூவரசங்குளத்தில் மனைவியின் தங்கை வீடு. அங்கே முற்றத்தில் ஒரு பழைய சீமெந்துத் தொட்டி நிறைய ஊதாப் பூ. "எவ்வளவு வடிவாக் கிடக்கு பாருங்கோ" என்றா மனைவி. நான் அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன். வீட்டில் என்னால் ஒரு பிரயோசனமும் இல்லை என்பது அவாவின் கட்சி. அவா ஆசைப்பட்ட ஒன்றையாவது செய்துகொடுப்போம் என்று ஒரு செடியைக் கேட்டு வாங்கினேன். தொட்டிக்குள் கிடக்கிற செடி எங்கே எழும்பி ஓடப்போகிறது என்று நினைத்தேன்.

ஓடவில்லைதான். ஆனால் ஒரு மாதத்துக்குள் தொட்டியில் தண்ணீரே தெரியவில்லை. எங்கள் பின்வேலிக்கு அப்பால் வாய்க்கால் போகிறது. மிஞ்சியதை இரண்டு கையாலும் அள்ளி வேலிக்கு மேலால் எறிந்தேன். வெயிலில் காயப்போட்டு எரிக்க வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பஞ்சி, வெறும் சோம்பல், வேறு ஒன்றுமில்லை. அதன்பிறகு தொட்டி நிறையும்போதெல்லாம் அதே வேலைதான்.

எங்கள் பக்கத்தில் சிறுபோக நெல்லுக்குக் குளத்துத் தண்ணீர் திறக்கமுன் வாய்க்காலைப் பங்கு பிரித்துத் துப்புரவாக்குவார்கள். யாருக்கு எத்தனை ஏக்கரோ அதற்கேற்ற நீளம் அவரவர் பங்கு. எல்லைக்குத் தடி நட்டுவிடுவார்கள். அந்த வருடம் வாய்க்காலில் ஆகாயத்தாமரை பாய் விரித்தமாதிரிக் கிடந்தது. அதைத் தூக்கிக் கரையில் போடுவது இடுப்பொடிகிற வேலை. ஆகவே ஒவ்வொருவரும் கொக்கத்தடியால் தன் எல்லைத் தடிக்கு அங்கால் தள்ளிவிட்டு, தன் பங்கு முடிந்தது என்று சாரத்தை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். எனக்கும் அங்கே கொஞ்ச வயல் இருந்தது; நானும் தள்ளினேன்.

வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவர் மலைநாட்டிலிருந்து வந்த குடும்பத்தவர். தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்த பிறகு இங்கேதான் பிறந்தார். அவருக்குப் பிறகு தள்ளிவிட ஆள் இல்லை. எல்லாருடைய பங்கும் அவரிடம் போய்ச் சேர்ந்தது. அந்தப் போகம், நெல் கதிர் தள்ளமுன் குடலைப் பருவத்தில் நின்றபோது அவருடைய வயலுக்குத் தண்ணீர் போகவில்லை. வயல் வெடித்து, பயிர் பதராகப் போனது.

விவசாயிகளின் சங்கமான கமக்காரர் அமைப்பு கூட்டம் போட்டது. இந்தச் சனியன் எங்கிருந்து வந்தது என்பதுதான் கதை. முன்வரிசையில் இருந்த ஒருவர் எழும்பி, கடைசி வயல்காரரைக் காட்டினார்.

"இவர்தானே மேல கிரவல் கிண்டின பள்ளத்துக்குள்ள மீன்குஞ்சு கொண்டுவந்து விட்டவர். குஞ்சு கொண்டுவந்த தண்ணிக்கானுக்குள்ள இதுவும் வந்திருக்கும்."

அந்தப் பள்ளம் வாய்க்காலின் தலைப்பில், என் வீட்டுக்கும் மேலே இருக்கிறது. அமைப்பிடம் கேட்டுத்தான் அவர் அங்கே மீன் வளர்த்தார். வயல் கைவிட்ட நாட்களில் அந்த மீன்தான் அவர் வீட்டில் உலை வைத்தது. பள்ளத்தில் ஆகாயத்தாமரையின் ஓர் இலைகூட இல்லை. காலையில் நடக்கப் போகிற நான் அதைத் தினமும் பார்க்கிறவன்.

"மாஸ்டர் விஞ்ஞானம் படிச்சவர். அவர் சொல்லட்டும்" என்றார் தலைவர்.

எல்லாரும் திரும்பினார்கள். கடைசி வயல்காரரும் என்னைப் பார்த்தார். நான் எழும்பி நின்றேன். பிறகு, வகுப்பில் பேசுகிற அதே குரலில், "மீன்குஞ்சோட வாறதுக்கும் இடமிருக்கு" என்றேன். பச்சைப் பொய். பள்ளத்தில் இனி மீன் விடக்கூடாது, வாய்க்கால் முழுவதையும் அவரே துப்புரவாக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். கூட்டம் முடிந்து தேநீர் தந்தார்கள். நான் குடித்தேன்.

பிறகு ஒவ்வொரு நாளும் அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று அள்ளினார். நான் பின்பக்கம் போவதையே விட்டேன். ஒரு மத்தியானம் கேற்றடியில் சைக்கிள் மணி கேட்டது. கை கால் கழுவத் தண்ணீர் கேட்டு வந்திருந்தார். கிணற்றடிக்கு வாங்கோ என்று என் வாய் சொல்லிவிட்டது. தொட்டி கிணற்றடியில்தான் இருந்தது, பூத்துக் குலுங்கிக்கொண்டு.

அவர் முகம் கழுவினார். தொட்டியைப் பார்த்தார். திடுக்கிடவே இல்லை.

"மாஸ்டர், இதையும் அள்ளி எரிச்சுவிடட்டோ? இல்லாட்டித் திரும்பவும் வாய்க்காலுக்க வந்திடும்."

"உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம். கூட்டத்துக்கு முதலே மகள் சொன்னவள். உங்கட வீட்டுத் தொட்டியில கண்டவளாம். உங்களிட்டப் படிச்சவள்தானே, செடியைத் தெரியும்."

"அப்ப ஏன் நீங்கள் கூட்டத்தில சொல்லேல்லை?"

"நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

அவர் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும். வேரோடு எல்லாவற்றையும் அள்ளினார். இரண்டு நாள் காயவிட்டு, வந்து எரித்தார். தொட்டியைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தார். நான் பக்கத்தில் நெருப்புப்பெட்டியுடன் நின்றேன்.

அடுத்த கூட்டத்துக்கு வெட்கத்தை விழுங்கிக்கொண்டு போனேன். எழும்பி நின்று, "அந்தச் செடி என்ர வீட்டிலயிருந்துதான் போனது. பூவுக்கெண்டு நான் கொண்டுவந்தனான். இவர் ஒரு பிழையும் செய்யேல்லை. மீன் வளர்க்க விடுங்கோ" என்றேன்.

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். பிறகு தலைவர் சிரித்தார்.

"மாஸ்டருக்கு எப்பவும் இளகின மனசு. ஆளைப் பாவம் பாத்துப் பழியைத் தன்ர தலையில போடுறார்."

"இல்லை, உண்மையாத்தான் சொல்லுறன்."

"எங்க, செடியைக் காட்டுங்கோ பாப்பம்" என்று பின்னாலிருந்து ஒருவர் பகிடி விட்டார். சபை சிரித்தது. யாரோ கை தட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். காட்டுவதற்கு என்னிடம் ஒரு கவிழ்த்த தொட்டிதான் இருந்தது.

கடைசி வரிசையில் அவர் இருந்தார். கை தட்டவில்லை. போன கூட்டத்தில் பார்த்தமாதிரியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மகளைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். என் மனைவியைக் கேளுங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். கைதட்டல் இன்னும் ஓயவில்லை. நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.