பாடி எங்கே?

அரசு ஆஸ்பத்திரி, டிக்கெட் கவுன்டர். யார் யார் இருந்தோம்? ஸ்ட்ரெச்சரில் என் மனைவி பார்வதி, இடுப்பு எலும்பு உடைந்து. பக்கத்தில் நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிளார்க் தாதா. வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன். எனக்குப் பின்னால் வாசல் வரைக்கும் வரிசை.

போன திங்கட்கிழமை காலை. லேக் மார்க்கெட்டில் எங்கள் இட்லி மாவுக் கடை வாசலில் தண்ணீர் சிந்திக் கிடந்தது. வழுக்கி விழுந்தாள். அவ்வளவுதான்.

கிளார்க் பெயர் கேட்டார். சொன்னேன். வயது கேட்டார். சொன்னேன்.

“பாடி கொதாய்?”

பார்வதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வங்காளிக்கு பாடி என்றால் வீடு, கொதாய் என்றால் எங்கே. நமக்கு வேறே ஆச்சே!

“இங்க வந்து முப்பது வருசம் ஆச்சு... ஆஸ்பத்திரியில அந்தச் சொல் மட்டும் இன்னும் பழகல” என்றாள்.

நான் கிளார்க்குக்குப் பதில் சொன்னேன். “தென்காசி.”

எழுதிக்கொண்டார். ஸ்டாம்ப் அடித்தார். வார்டுக்குப் போனோம்.

மறுநாள் டாக்டர் வந்தார். சின்ன வயசுப் பெண்.

“வெள்ளிக்கிழமை ஆபரேஷன். உடைஞ்சதை எடுத்துட்டு ஸ்டீல் உருண்டை வைக்கணும். இந்த மாநிலத்து ஆட்களுக்கு இலவசம். நீங்க வெளி மாநிலம்னு டிக்கெட்ல இருக்கு. உருண்டையை நீங்கதான் வாங்கணும்.”

விலை சொன்னார். எங்களால் ஆகாது.

“வைக்கலன்னா?”

“நடக்க முடியாது.”

நான் வெளி மாநிலமா? ரேஷன் கார்டு இங்கே. ஓட்டு இங்கே. மாவு அரைப்பது இங்கே.

“எதுக்குத் தென்காசின்னு சொன்னிய?” என்றாள் பார்வதி.

“பாடி கேட்டாரு. சொன்னேன்.”

“கூறு இருக்கா உங்களுக்கு?”

இருந்ததால்தான் சொன்னேன். வங்காளத்தில் குடியிருக்கிற இடத்துக்கு பாசா என்று பேர். பாடி என்றால் பூர்வீக வீடு. நான் சொன்ன பதில் சரி. ஆனால் சரியான பதிலை வைத்துக்கொண்டு நடக்க முடியுமா?

அப்போது எதிர் வீட்டு ஷிகா பௌதி கஞ்சி கொண்டுவந்தார். பௌதி என்றால் அண்ணி. விஷயத்தைக் கேட்டார். விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் என் கையைப் பிடித்துத் தரதரவென்று கவுன்டருக்கு இழுத்துப் போனார்.

“நீங்க பாடி கேட்டீங்க, இவர் பூர்வீகத்தைச் சொல்லிட்டார். என் பாடி பரிசால். பங்களாதேஷ்ல இருக்கு. ஒரு நாள் கூட பார்த்ததில்ல. நானும் வெளியாளா? எழுதுங்க பார்ப்போம்!”

“ரூல் இருக்கு பௌதி...” என்றார் கிளார்க்.

வரிசையில் ஒருத்தர் கத்தினார். “எனக்கு சாப்ரா!”

“எங்களுக்கு குல்னா, தாதா!”

“எனக்குக் கட்டக்... என் பேரையும் அடிச்சிருங்க!”

வரிசையே சிரித்தது. கிளார்க் சிரிக்கவில்லை. என் ரேஷன் கார்டை வாங்கினார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். தென்காசியை அடித்துவிட்டு, மேலே எங்கள் தெருவை எழுதினார். தலை நிமிரவில்லை.

“என் பாடி டாக்கா” என்றார்.

இவ்வளவு பெரிய ஊர்... ஊரைக் கேட்டால் ஆளுக்கொரு திசையில் கையைக் காட்டுகிறோம். எல்லோரையும் படுக்க வைத்து வைத்தியம் பார்க்கிறது.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நர்ஸ் ஒரு பெட்டியைக் காட்டினார். சீல் வைத்த பெட்டி. மேலே பார்வதி பெயர். உள்ளே உருண்டை. அரசாங்கத்தை நான் போலீஸாகப் பார்த்திருக்கிறேன். ரேஷன் கடையாகப் பார்த்திருக்கிறேன். இப்படிப் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.

“என்ன தாதா, இது கோயிலா?” என்றார் நர்ஸ்.

பதில் சொல்லவில்லை. கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லி ஒரு தடவை பட்டது போதும்.

ஞாயிற்றுக்கிழமை வாக்கர் கொடுத்தார்கள். கட்டிலில் இருந்து ஜன்னல் வரைக்கும் நடக்கச் சொன்னார்கள். பார்வதி பல்லைக் கடித்துக்கொண்டு காலை எடுத்து வைத்தாள். நான் கூடவே ஜன்னல் வரைக்கும் அடிகளை எண்ணிக்கொண்டு போனேன்.

பதினாலு.