பெயர் வெட்டப்பட்ட படம்

சித்தூர் மிஷன் காம்பவுண்டுக்குப் பின்தெருவில் ஷோபாவின் வீடு. வேலை திருப்பதியில், ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் சி.டி. ஸ்கேன் அறையில். பதினாறு வருஷமாகக் காலை பஸ்ஸைப் பிடித்துப் போய் வருகிறாள்.

கொரோனா இரண்டாம் அலையின்போது தினமும் எண்பது, தொண்ணூறு பேரின் நெஞ்சைத் திரையில் பார்த்தாள். ஒரு மூச்சுக்குழாய் இரண்டாகி, இரண்டு நான்காகி, கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பிரிந்துகொண்டே போகும் அந்த வடிவம் அவளை விடவில்லை. அதற்கு ஏதாவது பெயர் உண்டா என்று போனில் தேடியபோது ஃப்ராக்டல் என்ற சொல் கிடைத்தது. எவ்வளவு உள்ளே போனாலும் தன் சாயலையே திரும்பத் திரும்பக் காட்டும் வடிவம். அப்படிப்பட்டவற்றை முப்பரிமாணத்தில் உருவாக்க மாண்டல்பல்பர் என்று ஒரு இலவச மென்பொருள் இருப்பதும் தெரியவந்தது.

கணிதச் சூத்திரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எண்களைக் கொடுத்தால் திரையில் குகையோ பவளப்பாறையோ போல ஒன்று எழும்பும். ஒரு எண்ணைச் சற்றே மாற்றினால் குகை நொறுங்கி மண்மேடாகிவிடும். கேமரா எங்கே நிற்கவேண்டும், வெளிச்சம் எந்தப் பக்கம் விழவேண்டும், எல்லாவற்றையும் அவள்தான் முடிவு செய்யவேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டரோ பழசு. காலையில் ஓடவிட்டுப் போனால் சாயங்காலம் பாதிப் படம் வந்திருக்கும். கரண்ட் போனால் அதுவும் போச்சு.

அப்படி மூன்று மாதம் போராடிச் செய்ததுதான் 'மூச்சு'. கிளைகிளையாகப் பிரியும் வெண்குகை. அதன் அடியாழத்தில் இளஞ்சிவப்பு வெளிச்சம். மூலையில் தன் பெயரைப் போட்டு இணையத்தில் ஏற்றினாள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், என் பெயரைச் சொன்னால் போதும் என்று கீழே எழுதியும் வைத்தாள்.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் புதுக் கட்டடம் திறந்தார்கள். முன்கூடத்துச் சுவரில் பத்தடி அகலத்துக்கு 'மூச்சு' தொங்கியது. சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கியதில் ஓரங்களெல்லாம் கட்டம் கட்டமாகச் சிதறியிருந்தன. அவள் பெயர் இருந்த மூலையை வெட்டியிருந்தார்கள். கீழே பித்தளைத் தகட்டில் 'டிவைன் லோட்டஸ்', கட்டடத்தின் உள் அலங்காரத்தைச் செய்துகொடுத்த ஸ்ரீஹரியின் பெயர்.

ஷோபா நிர்வாகி ருக்மணியிடம் நேரே போனாள்.

"மேடம், அது நான் பண்ண படம்."

"எந்துக்கம்மா இந்த கொடவ? எதுக்கு வீண் சண்ட? நெட்ல இருந்து எடுத்துருப்பாரு. நல்லாதானே இருக்குது?"

தகட்டைச் சரிபார்க்க வந்திருந்த ஸ்ரீஹரியை ருக்மணி அழைத்தார். அவர் சிரித்தார்.

"ஃப்ரீ சாஃப்ட்வேர்ல பண்ணதுதானே? பட்டனை அமுக்கினா கம்ப்யூட்டரே வரஞ்சி குடுத்துடும். இதுக்குப் போய் பேரு எதுக்கு?"

"சாஃப்ட்வேர் ஃப்ரீ சார். நான் ஒக்காந்துகினு இருந்த மூணு மாசமும் ஃப்ரீயா?" ஷோபாவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "பட்டன் அமுக்கறது அவ்ளோ ஈஸின்னா நீங்களே வந்து அமுக்குங்க. இந்தக் குகைக்குப் பின்பக்கம் இன்னா இருக்குதுன்னு காட்டுங்க பாக்கலாம்."

அவள் வரவேற்பு மேசையிலேயே பையிலிருந்து, பிற்பாடு வாங்கிய தன் லேப்டாப்பை எடுத்துத் திறந்தாள். படத்தின் எண்கள் எல்லாம் இருந்த கோப்பை ஏற்றி, கேமராவை நகர்த்தினாள். சுவரில் தொங்கிய அதே குகை திரையில் சின்ன அளவில் மெல்லத் திரும்பி, அதுவரை யாரும் பார்க்காத மறுபக்கத்தைக் காட்டியது. டோக்கனுக்குக் காத்திருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள்.

மறுநாள் சுவர் காலியாக இருந்தது. படத்தைக் கழற்றி ஜெனரேட்டர் அறையில் சாத்திவிட்டார்களாம்.

"பிரச்சன வேணாம்னு எடுத்துட்டோம். இப்போ ஹேப்பிதானே?" என்றார் ருக்மணி.

"எடுக்கச் சொல்லி நான் கேட்டனா? என் பேரைப் போடுங்கன்னு கேட்டேன். அதுக்கு அதைக் கழட்டிக் கடாசறதுதான் ஒங்க நியாயமா?"

வீட்டில் கணவர் ஜோனத்தான், "போனாப் போவுது, வேலைக்கு வம்பு வந்துறப் போவுது" என்றார். அவள் கேட்கவில்லை. வெட்டாத படம், கோப்பு, இணையத்தில் ஏற்றிய தேதி எல்லாவற்றையும் இணைத்துத் தலைமை மருத்துவருக்குக் கடிதம் எழுதினாள்.

ஐந்து வாரம் கழித்து, நுரையீரல் நிபுணரான அவர் ஸ்கேன் அறைக்கே வந்தார்.

"இது தாமரை இல்லையேம்மா. பார்த்ததுமே மூச்சுக்குழாய்னு தெரியுதே?"

"ஆமா சார். அந்த வருஷம் பாத்தது."

அடுத்த மாதம் அவள் கொடுத்த முழு அளவுப் படத்திலிருந்து புதிதாக அச்சிட்டு மாட்டினார்கள். தகட்டில் 'மூச்சு', ஷோபா ஜோனத்தான். ஸ்ரீஹரி மன்னிப்புக் கேட்கவில்லை. யாரும் அவரைக் கேட்கச் சொல்லவும் இல்லை. அதைச் சொல்லும்போது ஷோபாவின் குரல் இப்போதும் உயர்கிறது.

ஸ்ரீஹரியின் நிறுவன இணையப் பக்கத்தில் அவள் செய்த இன்னும் இரண்டு படங்கள் இருக்கின்றன. ஒன்று திருப்பதியில் ஒரு ஹோட்டலிலும், மற்றது காளஹஸ்தியில் ஒரு கல்யாண மண்டபத்திலும் தொங்குகின்றன. இரண்டு இடத்துக்கும் கடிதம் போயிருக்கிறது. ஹோட்டலிலிருந்து பதில் இல்லை. மண்டபத்துக்காரர், "யாரோ பண்ண டிசைனுக்கு இவ்ளோ கோவமா?" என்று போனில் கேட்டார்.

"யாரோ இல்ல சார், நானு," என்றாள் ஷோபா. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் காளஹஸ்திக்கு நேரிலேயே போவதாக இருக்கிறாள்.