கேஸா, பொரபாட்டா?

எழுபதுகளின் நடுவில், சித்தூரில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் எனக்கு ரைட்டர் உத்தியோகம். ரைட்டர் என்றதும் கதை எழுதுகிறவன் என்று நினைத்துவிட வேண்டாம். வருகிறவரின் பேர், ஊர், வயது, வந்த நேரம், வந்த காரணம் எல்லாவற்றையும் தடித்த ரிஜிஸ்டரில் எழுத வேண்டும், அவ்வளவுதான். ஆனால் யோசித்துப் பார்த்தால் நான் எழுதியதில் கதையும் நிறையவே இருந்தது.

தன் உயிரைத் தானே போக்கிக்கொள்ளப் பார்த்துப் பிழைத்தவர் மேல் அப்போது வழக்கு உண்டு. போலீஸ்காரர் கட்டில் பக்கத்தில் வந்து நிற்பார். அதனால் அப்படி யாரையாவது தூக்கிக்கொண்டு வந்தால், டாக்டர்கள் உள்ளே உயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போது, நான் வெளியே குடும்பத்தாரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்பேன்: “கேஸா, பொரபாட்டா?” பொரபாட்டு என்றால் தெலுங்கில் தவறுதல். தமிழ்க் குடும்பமானாலும் தெலுங்குக் குடும்பமானாலும் பதில் ஒன்றுதான். “பொரபாட்டு சார், பொரபாட்டு!”

உடனே என் கற்பனை கிளம்பிவிடும். கண்ணாடி போடாமல், பாட்டில் மாறிப்போய், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த கஷாயம் என்று நம்பி... ஒருவருக்கு எழுதிய காரணத்தை இன்னொருவருக்கு எழுத மாட்டேன். அது என் தொழில் சுத்தம். ஹெட் கான்ஸ்டபிள் படித்துவிட்டு மீசைக்குள் சிரிப்பார். “ஏமய்யா ரைட்டரு, இந்த ஜில்லாவுல எவனுக்கும் கண்ணு தெரியாதா?” காசு யாரிடமும் வாங்கியதில்லை. கும்பிடுதான் வாங்கினேன். அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

எங்கள் சர்ச் சபைக்காரர் ஒருவர் பாகாலா ஸ்டேஷனில் பாயின்ட்ஸ்மேன். வருகிற ரயிலை எந்தத் தண்டவாளத்துக்கு அனுப்புவது என்று திருப்பிவிடுகிற வேலை. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார், எனக்கு அண்ணன் முறை. ஒருநாள் காலை பதினொன்றரை மணிக்கு அவரைக் கொண்டுவந்தார்கள். கேஸ் என்று எழுதினால் ரயில்வே வேலை போய்விடும் என்று அவர் மனைவி அழுதார். “விளக்கில்லாத இருட்டில், இருமல் மருந்து என்று நினைத்து” என்று எழுதினேன்.

மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தார். நலம் விசாரிக்கப் போனேன். நான் நலம் விசாரிக்கும் லட்சணம் இப்படி:

“இன்னாண்ணா, ரயிலுக்கெல்லாம் கரெக்டா கொடி காட்றே. அந்த பாட்டிலுக்கு ஒரு சிவப்புக் கொடி காட்டக் கூடாதா?”

வார்டே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ரைட்டரே, அது பொரபாட்டு இல்லபா. நான் வேணும்னுதான்...”

“ஷ்ஷ்! எழுதியாச்சுண்ணா. எழுதினதை நீயே அடிச்சு வுட்றாதே.”

அவர் சட்டைக் கையை விட்டுவிட்டார். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய திருப்தியோடு நான் டீ குடிக்கப் போனேன்.

அடுத்த வருஷம் திருப்பதியிலிருந்து ஒரு லேடி டாக்டர் வந்தார். மலைமேல் பெருமாளுக்குக் கைங்கர்யம் செய்யும் ஐயங்கார் குடும்பத்துப் பெண். மனநல வைத்தியம் படித்தவர். தற்கொலைக்கு முயன்றவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்வதாகச் சொன்னார்.

“இதைத் தடுக்க தேசம் பூரா ஒரு திட்டம் வேணும்னு நாங்க கேட்டுண்டிருக்கோம். யாரு, எங்கே, எத்தனை பேருன்னே தெரியாம என்னத்தைத் திட்டம் போடறது? உங்க ரிஜிஸ்டரைக் காட்டுங்கோ.”

“நம்ம ஆஸ்பத்திரியில அந்த மாதிரி ஒருத்தரும் இல்லீங்கம்மா,” என்றேன் பெருமையாக. “எல்லாம் கவனக்குறைவுதான்.”

இரண்டு நாள் உட்கார்ந்து படித்தார். முதல் நாள் இரண்டு இடத்தில் சிரித்துவிட்டார். நான் குஷியாகி, இன்னும் நன்றாக எழுதியிருந்த பக்கங்களை நானே புரட்டிக் காட்டினேன். இப்போது இதை எழுதும்போதும் காது சுடுகிறது. இரண்டாம் நாள் அவர் சிரிக்கவில்லை.

“ரைட்டர், காலம்பற பதினொன்றரைக்கு என்ன இருட்டு?”

“ஜன்னல் இல்லாத ரூமுங்கம்மா.”

அவர் பக்கங்களைத் தள்ளினார். எட்டு மாதம் கழித்து ஒரு பக்கம். “அதே பேர். அதே ஜன்னல் இல்லாத ரூம். அதே இருமல்.”

நடந்தது இதுதான். இரண்டாம் தடவை அவரைக் கொண்டுவந்த அன்று எனக்கு நேரமில்லை. சபையில் அறுப்புப் பண்டிகைக்கு ஒரு ஹாஸ்ய நாடகம் போட்டுக்கொண்டிருந்தோம். எழுதியதும் நான், கோமாளி வேஷமும் நான். ஒத்திகைக்குப் போகிற அவசரத்தில் பழைய பக்கத்தைத் தேடிப் பிடித்து, ஒரு எழுத்து மாறாமல் பார்த்து எழுதிவிட்டேன்.

“பழைய பக்கத்தைப் பாத்துதானே எழுதினேள்?” டாக்டர் குரலை உயர்த்தவில்லை. “அப்போ இவர் ரெண்டாம் தடவை வரார்னு உங்களுக்குத் தெரியும். ஒரு தரம் பண்ணிண்டவாளைத்தான் நாங்க முதல்ல தேடறோம். மறுபடியும் ஆபத்து இவாளுக்குத்தான். கேட்டா சொல்லுவா. சொன்னா வைத்தியம் பண்ணலாம். இப்போ இவர் உயிரோட இருக்காரா?”

மூன்று மாதமாக அவரைச் சபையில் பார்த்த ஞாபகம் இல்லை. ஏன் வரவில்லை என்று யாரையும் நான் கேட்டதும் இல்லை.

அன்று மத்தியானமே டாக்டரும் நானும் பாகாலாவுக்கு ரயில் ஏறினோம். வழியெல்லாம் நான் எழுதிய காரணங்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. எல்லாமே வார்த்தை தவறாமல் வந்தன. அவற்றுக்குச் சொந்தக்காரர்களின் முகம் ஒன்றுகூட வரவில்லை.

பாகாலாவில் ரயில் மெதுவாக நுழைந்தபோது பச்சைக் கொடியோடு நின்றவர் வேறு யாரோ. இறங்கி ஓடிப்போய் அவரிடமே அண்ணனைப் பற்றிக் கேட்டேன்.

“பெத்தாயனா? பெரியவருக்கு இன்னிக்கு ரெஸ்ட்டு. குவார்ட்டர்ஸ்ல இருக்காரு.”

வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் சொன்னார்: “வா ரைட்டரே. நான் இன்னும் ஒண்ணும் பண்ணலியே, அதுக்குள்ள எழுத வந்துட்டியா?”

என்னால் சிரிக்க முடியவில்லை.

டாக்டர் அவர் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்து நேராகக் கேட்டார். “மறுபடியும் செத்துப்போகணும்னு தோணறதா?” நான் பதறினேன். இப்படியா ஒருவரைக் கேட்பது? ஆனால் அவர் தலைச்சுமையை யாரோ ஒரு கை பிடித்து இறக்கியதுபோல மூச்சு விட்டார்.

“தோணுதும்மா. தூக்கம் இல்ல. சோறு துன்னா மண்ணாட்டம் கீது. ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல. வேலை கீது, பசங்க நல்லா கீதுங்கோ, வீட்ல இவ நல்லவ. காரணமே இல்லாம ஒருத்தன் இப்டி ஆவானா? அதான் வெக்கம். இவன் கையில சொல்லலாம்னு பாத்தேன், ரெண்டு வாட்டியும். இவன்தான் ஊருக்கெல்லாம் காரணம் எழுதறவனாச்சே.”

“ரெண்டாவது வாட்டியும் சொன்னியாண்ணா?”

“சொன்னேனே. நீ டிராமாவுக்குப் போய்க்கினு இருந்தே.”

எனக்கு அது ஞாபகமே இல்லை. முதல் தடவை கேட்டுவிட்டு அவர் வாயை அடைத்தேன். இரண்டாம் தடவை கேட்கக்கூட இல்லை.

காரணம் தேவையில்லை, இதுவும் உடம்புக்கு வருகிற மாதிரி ஒரு நோய்தான், தீர்க்க முடியும் என்று டாக்டர் அவரிடம் சொன்னார். வீட்டில் ஆபத்தானது எதுவும் இருக்கக் கூடாது, கொஞ்ச நாள் தனியாக விடக் கூடாது என்று மனைவியிடம் சொன்னார். வாரம் ஒருமுறை திருப்பதிக்கு வர வேண்டும், கூட யார் வருவார்கள் என்று கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

எனக்கு ஒரு தனி நோட்டுப் புத்தகம் கொடுத்தார். அதில் பேர் கிடையாது. வயது, ஊர், முன்பே வந்தவரா, என்ன சொன்னார் என்பது மட்டும். ரிஜிஸ்டரில் பொரபாட்டு என்றுதான் தொடர்ந்து எழுதினேன்; சட்டம் மாறவில்லை, குடும்பங்களின் பயமும் மாறவில்லை. ஆனால் மூன்றாம் நாள் கட்டில் ஓரம் உட்கார்ந்து கேட்கத் தொடங்கினேன். சிலர் சொன்னார்கள். அவர்களைத் திருப்பதிக்கு அனுப்பினேன். அந்த நோட்டு எந்த மேஜை வரைக்கும் போயிற்றோ, எந்தத் திட்டத்தில் சேர்ந்ததோ, எனக்குத் தெரியாது.

பழைய பக்கங்களில் இருந்தவர்களையும் தேடிப் போனோம். விஜயபுரம் பக்கம் ஒரு வீட்டில் என்னைப் பார்த்ததும் ஒரு அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். “என் புள்ள மேல கேஸ் வராம பாத்துக்கினீங்களே நைனா, நல்லா இருக்கணும்.” மகனைக் கூப்பிடச் சொன்னேன். அவன் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. நான் வாங்கியதிலேயே பெரிய கும்பிடு அது. அதை எங்கே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பது என்று இன்றுவரை தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் சித்தூரில் நான் ரயில் ஏறுவேன், பாகாலாவில் அவர் ஏறுவார். முதல் சில வாரங்கள் திருப்பதி வரை இருவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போனோம். எதைச் சொன்னாலும் என் வாயில் அது கேலியாக முடிந்துவிடுமோ என்று எனக்குப் பயம். ஒருநாள் அவரே பொறுக்க முடியாமல் சொன்னார்:

“இன்னாபா இது, எழவு வீட்டுக்குப் போறாப்ல வர்றே? எதனா ஜோக்கு சொல்லேன்.”

தேடிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கடைசியில், “நேத்து தூங்கினியாண்ணா?” என்றேன்.

“மூணு மணி நேரம் இருக்கும்.”

“சோறு?”

“ரசம் கொஞ்சம் ருசியாட்டம் இருந்துது.” என் முகத்தைப் பார்த்தார். “இதான் உன் ஜோக்கா?”

“இதான்ணா.”

“தேறவே இல்லபா நீ,” என்று சொல்லி, நகர்ந்து என் பக்கம் உட்கார்ந்தார். பிறகு, நான் கேட்காமலே, முந்தின வாரம் அவருக்கு எந்த நாள் மோசமாக இருந்தது என்று சொல்ல ஆரம்பித்தார்.